பிளைண்ட்சைட்: தெரியாப் பார்வை எனலாமா?

அண்ணாச்சிக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மூளை பாதிக்கப்பட்ட ஒருவர், தான் பார்ப்பது தனக்கே தெரியாமல், கண்முன் இருப்பதைச் சரியாகச் சொல்லிவிடும் நிலைதான் பிளைண்ட்சைட் (blindsight). அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் அண்ணாச்சி எழுதியது இது:

> குருட்டுப்பார்வை என்றே வைத்துக்கொள்ளலாமே, சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதே.

அண்ணாச்சி சொன்னதை மறுக்கத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒருவன் குருட்டாம்போக்கில் சொன்னான் என்றால், ஒன்றும் அறியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னான் என்றுதான் பொருள். பிளைண்ட்சைட் அதற்கு நேர் எதிர்.

உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் குழுவினர் சோதித்த டி.பி. என்பவரை எடுத்துக்கொள்வோம். மூளையின் வலப் பின்பகுதியில் பின்னிக்கிடந்த ரத்தக்குழாய்களை அறுவை செய்து எடுத்தபோது, அங்கிருந்த பார்வைப் புறணியும் (பார்வையைக் கையாளும் மூளையின் மேலடுக்கு) சேர்ந்து போய்விட்டது. கண்கள் நன்றாக இருந்தும் இடப்பக்கம் எதுவும் தெரியாது. அந்தப் பக்கத்தில் ஒரு கோட்டைக் காட்டி, நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றார். சரி, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னார். தற்செயலாக அமையக்கூடியதைவிட மிகப் பல தடவை சரியாகச் சொன்னார். முடிவைக் கேட்டு அவரே திகைத்துப்போனார். நான் சும்மா ஊகித்தேன் என்றே சொன்னார். இது வெளிவந்தது 1974இல். பிளைண்ட்சைட் என்ற சொல்லும் அந்த ஆண்டு அந்தக் குழு கொடுத்ததுதான்.

கண்ணிலிருந்து போகும் நரம்பிழைகளில் பெரும்பங்கின் வழி மூளையின் அந்தப் பின்பகுதிக்குப் போகிறது. ஒரு சிறு பங்கு முன்னாலேயே பிரிந்து நடுமூளைக்குப் போய்விடுகிறது. தாமிரபரணி அணைக்கட்டில் பிரிகிற பாளையங்கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆறு அடைபட்டாலும் கால்வாயில் தண்ணீர் ஓடும்.

இதை மட்டும் பார்த்தால் இது கண்ணைப் பற்றிய சொல். ஆனால் 1968இலேயே எலிசபெத் வாரிங்டனும் வைஸ்கிரான்ட்ஸும் நினைவிழந்தவர்களிடம் துண்டு துண்டான படங்களைக் காட்டியிருந்தார்கள். முதலில் மிகக் குறைந்த கோடுகள், பிறகு கொஞ்சம் கூட, கடைசியில் முழுப் படம். மறுநாள் அதே படங்களை அவர்கள் இன்னும் குறைந்த கோடுகளிலேயே கண்டுபிடித்தார்கள். ஆனால் முந்தின நாள் பார்த்த நினைவே அவர்களுக்கு இல்லை. ஒருவருக்குப் பார்வை இருக்கிறது, பார்ப்பது தெரியவில்லை. இன்னொருவருக்கு நினைவு இருக்கிறது, நினைவிருப்பது தெரியவில்லை. வைஸ்கிரான்ட்ஸின் ஆய்வு வாழ்க்கையில் என்னை ஈர்ப்பது இந்த இணைப்புத்தான். அதனால் இரண்டுக்கும் ஒரே வேரில் சொல் வேண்டும் என்கிறேன்.

முக்கூடலில் எங்கள் ஆச்சி ஆயுள் முழுக்கப் பீடி சுற்றியவள். கடைசிக் காலத்தில் என்னையே யாருல என்று கேட்பாள். ஆனால் மடியில் சுளகை வைத்து, வெட்டிய இலையும் தூளும் கொடுத்துவிட்டால், விரல்கள் தூளைப் பரப்பி, இலையைச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டிவிடும். உனக்குப் பீடி சுற்றத் தெரியுமா ஆச்சி என்றால், தெரியாது என்பாள். கைப்பழக்க நினைவும் படத் துண்டு நினைவும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் அவள் சொன்ன 'தெரியாது' என் காதிலேயே நின்றுவிட்டது.

முதலில் 'அறியாப் பார்வை' என்று எழுதிப் பார்த்தேன். அறியா வயசு, அறியாப் பிள்ளை என்று சொல்லிப் பழகிய நமக்கு அது குழந்தையின் பார்வையாகிவிடுகிறது. 'உணராப் பார்வை' தப்பில்லை. ஆனால் உணர்ச்சியில்லாமல் வெறித்துப் பார்ப்பது போலத் தொனிக்கிறது.

தெரிதல் என்ற சொல்லைப் பாருங்கள். மாடியிலிருந்து நெல்லையப்பர் கோபுரம் தெரிகிறது என்கிறோம். கணக்குத் தெரியும் என்றும் சொல்கிறோம். கண்ணுக்குப் படுவதும் மனதுக்கு விளங்குவதும் தமிழில் ஒரே சொல். டி.பி. தமிழராக இருந்திருந்தால் இந்தச் சொல்லைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே தெரியாப் பார்வை, தெரியா நினைவு. செல்லாக் காசு, ஓயாத் தொல்லை போல இலக்கணமும் இடிக்கவில்லை.

'தெரியாத்தனம்' நினைவுக்கு வருகிறதே என்று யாராவது கேட்கலாம். அது தனம் சேர்ந்ததால் வந்த பொருள். பார்வையோடு சேரும்போது அந்த வாடை இல்லை என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. பார்வையற்றோர் பள்ளி இருக்கிற பாளையங்கோட்டையில் அந்தப் பிள்ளைகள் முன்னால் 'குருட்டு' என்று தொடங்கும் பாடத்தை என்னால் வாசிக்க முடியாது.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கட்டுரையில் இந்த இரண்டு சொல்லையும் போட்டிருக்கிறேன். அண்ணாச்சி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, இடறினால் எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.