ஸ்பூல் மெஷின் மெதுவாக ஓடுகிறது, அவசரம், யாராவது உதவுங்கோ

ஊற்றங்கரையான்:
வணக்கம். பெரியப்பாவின் ஸ்பூல் மெஷின், சுருள் நாடாவில் ஒலி பதிந்து போடுகிற மெஷின், வீட்டுக்கு வந்திருக்கிறது. ரேடியோ ஸ்டேஷனில் பாவித்த பெரிய சாமான், தூக்க இரண்டு பேர் வேண்டும். பழைய கோவலன் கூத்து நாடா ஒன்றைப் போட்டால் ஓடுகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் எல்லாம் மெதுவாகவும் தடித்த குரலிலும் இருக்கிறது. கண்ணகி வேஷக்காரர் ஒப்பாரி வைக்கிற இடத்தில் கோவலனை விட ஆழமான குரல்! அதோடு வலது ஸ்பீக்கரில் யாரோ பேய்ப் பாஷை கதைக்கிற மாதிரி ஒரு சத்தம் கூடவே வருகிறது. பெல்ட் மாற்ற வேண்டுமா? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இதைப் பார்க்கிற ஆள் யாராவது இருக்கிறார்களா? வற்றாப்பளைப் பொங்கலுக்கு எல்லோரும் வருகிறார்கள், அதற்கு முன் கூத்தைப் போட்டுக்காட்ட வேண்டும்.

பரந்தன் வயரிங்:
தம்பி, லோ வோல்டேஜ்தான், சந்தேகமே இல்லை. பின்னேரம் எல்லோரும் தண்ணீர் மோட்டர் போடுகிற நேரத்தில் எங்கள் பக்கம் 190க்கு இறங்கிவிடும். ஃபேன் சுற்றுவதைப் பார்த்தாலே தெரியும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிப் போடுங்கோ, எல்லாம் சரியாகும்.

சுருள்நாடா:
முதலில் மெஷினின் பெயர் என்ன? மொடல், வேகம், எத்தனை ட்ராக், என்ன நாடா: இந்த நான்கையும் எழுதாமல் கேள்வி கேட்காதீர்கள் என்று இங்கே எத்தனை தரம் சொல்லியாயிற்று. "பெரிய சாமான்" என்பது மொடல் நம்பர் அல்ல.

பரந்தன்காரருக்கு: என்னிடம் ரிவொக்ஸ் ஏ77 இருக்கிறது. 1967இல் வந்த டிசைன். நாடாவை இழுக்கிற தண்டு கப்ஸ்டன். அதன் மோட்டரின் வேகத்தை சேர்வோ என்ற எலக்ட்ரோனிக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்கிறது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும், கறண்ட் நொடிக்கு எத்தனை தரம் அலைகிறது என்கிற ஹேர்ட்ஸ் 50 ஆனாலும் 60 ஆனாலும், வேகம் அசையாது. ஸ்டெபிலைசர் கதையை விடுங்கள். பழைய மெஷினில் நாடாவைக் கப்ஸ்டனோடு அழுத்துகிற பிஞ்ச் ரோலர் ரப்பர் கல்லாகிப் போயிருக்கும், நாடா வழுக்குகிறது. அவ்வளவுதான்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
அண்ணை, நாடாவே ஒட்டிப்பிடிக்கிறது போல. பழைய நாடா ஈரத்தை உறிஞ்சி, பசை கரைந்து, நாடாவை வாசிக்கிற ஹெட்டில் அப்பும். அதை 54 பாகை அளவில் ஏழெட்டு மணித்தியாலம் அவன் என்கிற மின் அடுப்பில் வைத்து எடுத்தால் கொஞ்ச நாளைக்கு ஓடும் என்று வாசித்தேன். மாரி மழைக்குள் இருந்த நாடா என்றால் நிச்சயம் இதுதான்.

ஊற்றங்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. மெஷின் பெயர் ஆம்பெக்ஸ்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
ஆம்பெக்ஸா? பார்த்தீர்களா! ஆம்பெக்ஸ் 406, 456 நாடாக்கள்தான் ஒட்டுவதற்குப் பேர்போனவை. அவனைச் சூடாக்குங்கோ அண்ணை.

கனகராயன்:
பொறுங்கோ, பொறுங்கோ. மெஷின் ஆம்பெக்ஸ் என்று சொன்னார், நாடா ஆம்பெக்ஸ் என்று சொல்லவில்லை. அந்தக் கொம்பனி இரண்டையும் செய்தது. எந்த நாடா என்று தெரியாமல் அவனில் வைக்கவே கூடாது. அசிடேட் நாடாவாக இருந்தால் சுருண்டு நாசமாகப் போகும். ரீலை வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கோ. வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், புளிச்ச வினிகர் மணமும் அடிக்கும். இருட்டாக இருந்தால் பொலியெஸ்டர்.

ஒட்டுகிற நாடா கீச்சிடும், இழுபட்டு நிற்கும், ஹெட்டில் கபில நிற மண் படியும். ரோலர் வழுக்கினால் வேகம் ஏறி இறங்கும். உங்களுக்கு ஒரே சீராக மெதுவாக இருக்கிறதா? இன்னும் மூன்று கேள்வி. மெஷின் எந்த நாட்டில் இருந்து வந்தது? பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? நாடாப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, ஒரு பக்கம் முழுக்க ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது?

ஊற்றங்கரையான்:
ஏஜி-440பி. பெரியப்பா ரொரன்ரோவில் ஒரு ஸ்டேஷன் கழித்துவிட்டபோது வாங்கி வைத்திருந்தார், இப்போது வீட்டுச் சாமான்களோடு கொன்டெய்னரில் வந்தது. தகட்டில் 117 வோல்ட், 60 என்று இருக்கிறது. ஆனால் கறண்ட் பிரச்சினை இல்லை, டவுனில் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்கித்தான் கொடுத்தேன். கடைக்காரர் அது போதும் என்றார்.

நாடா பிஏஎஸ்எஃப் எல்பி 35, சின்ன 13 சென்றிமீற்றர் ரீல், 270 மீற்றர் என்று பெட்டியில் இருக்கிறது. வெளிச்சம் ஊடுருவவில்லை, மணமும் இல்லை. வேகம் ஒரே சீர். மெஷினில் 3¾, 7½ என்று இரண்டு வேகம், 3¾இல் போட்டேன். ஒரு பக்கம் 57 நிமிடம் ஓடியது. எழுபதுகளில் முள்ளியவளையில் நடந்த கோவலன் கூத்து, பெரியப்பாவே ஊஹர் என்ற தூக்கிக்கொண்டு போகிற மெஷினில் பதிந்தது. எண்பதுகளில் கையோடு கொண்டுபோன படியால்தான் தப்பியது. இங்கே இருந்திருந்தால் யுத்தத்தில் எங்கள் வீட்டுக் கூரையோடு போயிருக்கும்.

கனகராயன்:
அந்த 57 நிமிடத்திலேயே விடை இருக்கிறது.

3¾ என்றால் நொடிக்கு 3¾ அங்குலம், அதாவது 9.5 சென்றிமீற்றர். 270 மீற்றர் ஓட 47 நிமிடம் தான் எடுக்க வேண்டும். உங்களுக்கு 57. வகுத்துப் பாருங்கோ, 1.2 வரும். 60ஐ 50ஆல் வகுத்தாலும் அதே 1.2 தான்.

இந்த மொடலில் கப்ஸ்டனைச் சுற்றுவது சின்க்ரனஸ் மோட்டர். அது வோல்டேஜைப் பார்த்து ஓடுவதில்லை, கறண்டின் ஹேர்ட்ஸை எண்ணி ஓடும். கனடாவில் 60, எங்கள் நாட்டில் 50. ட்ரான்ஸ்போமர் 230 வோல்டை 117 ஆக்கும், 50ஐ 60 ஆக்காது. ஸ்டெபிலைசராலும் முடியாது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை. பெல்ட், ரோலர் என்று எதையும் கழற்ற வேண்டாம்.

நம்பாவிட்டால், பழைய வெற்று நாடா ஒன்றில் 95 சென்றிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கோ. கூத்து நாடாவில் அல்ல! ஹெட்டைக் கடக்க 10 நொடி எடுத்தால் வேகம் சரி. 12 எடுத்தால் நான் சொன்னது.

பேய்ப் பாஷைக்கும் மருந்து தேவையில்லை. ஊஹர் 4000 நாடாவின் அகலத்தில் ஒரு பாதியில் ஒரு பக்கம் பதிந்து, ரீலைத் திருப்பி மற்றப் பாதியில் மறு பக்கம் பதியும். உங்கள் ஸ்டீரியோ ஹெட் இரண்டையும் சேர்த்து வாசிக்கிறது. இடது பக்கம் முதல் பாதி, வலது பக்கம் இரண்டாம் பாதி பின்னிருந்து முன்னாக. வலதை மூடிவிட்டுக் கேளுங்கோ. முடிந்ததும் ரீலைத் திருப்பிப் போட்டால் பேய் கோவலனாக மாறிவிடும்.

சங்கீத ரீச்சர்:
கூத்தில் ஆர்மோனியம் கேட்கிறதா தம்பி? சுருதி எங்கே நிற்கிறது என்று ஃபோன் ட்யூனரில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஊற்றங்கரையான்:
கேட்கிறது ரீச்சர். மருமகள் பார்த்தாள், 3 கட்டைக்குச் சற்றுக் கீழே என்கிறாள். கோடு போட்டும் பார்த்தேன், 12 நொடி.

சங்கீத ரீச்சர்:
அப்படியானால் கனகராயன் அண்ணை சொல்வது சரி. 1.2 மடங்கு என்றால் மூன்று அரைச்சுரமும் இன்னும் சொட்டும். 3 கட்டைக்குக் கீழே இருப்பதை அவ்வளவு ஏற்றினால் நேராக 5 கட்டையில் வந்து நிற்கும். விடிய விடிய ஒலிபெருக்கி இல்லாமல் பாடிப் பழகிய அண்ணாவிமார், கூத்துப் பழக்குகிற ஆசான்கள், உச்சத்தில்தான் பிடிப்பார்கள். 3 கட்டையில் கோவலன் கூத்தா? கடைசி வரிசையில் பாய் விரித்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

சுருள்நாடா:
இதைத்தான் நான் முதல் பதிலிலேயே கேட்டேன்: மொடலைச் சொல்லுங்கள் என்று. சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். சேர்வோ இல்லாத மெஷின் என்றால் விஷயம் வேறு.

பரந்தன் வயரிங்:
அண்ணை, அசையவே அசையாது என்று சொன்னது யார்?

சுருள்நாடா:
ரிவொக்ஸைப் பற்றிச் சொன்னேன். இப்போதும் சொல்லுகிறேன், அசையாது.

மாங்குளம் சந்தி:
ஹேர்ட்ஸ்தான் பிரச்சினை என்றால் சும்மா செய்யலாம். வீட்டில் ஜெனரேட்டர் இருக்கா? சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் அநேகமானவை நிமிடத்துக்கு 3000 சுற்று, அது 50 ஹேர்ட்ஸ். எஞ்சின் வேகத்தைப் பிடித்து வைக்கிற கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கி 3600க்கு ஏற்றினால் 60. வேலை முடிந்தது.

கனகராயன்:
கணக்குச் சரி, வேலை பிழை. சுற்று ஏறினால் வோல்டேஜும் ஏறும். அதைச் சமாளித்தாலும் எஞ்சின் ஒரே சீராக ஓடாது, ஒவ்வொரு இருமலுக்கும் பாட்டு அலையும். வேறு ஒன்றும் இல்லாத காலத்தில் செய்யலாம்.

மாங்குளம் சந்தி:
வேறு ஒன்றும் இல்லாத யுத்த காலத்தில்தான் நாங்கள் படித்தோம் அண்ணை. பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டினோம். பற்றரி தடை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோ கேட்டோம். செய்தி முடியும் வரை ஒருத்தன் பெடலைச் சுற்ற வேண்டும், ஓய்ந்தால் வாசிக்கிறவரும் ஓய்ந்துவிடுவார். அதற்கெல்லாம் ஹேர்ட்ஸ் பார்த்தோமா?

சுருள்நாடா:
டைனமோவை டயோட் போட்டு நேர் மின்னாக்கித்தான் ரேடியோவுக்குக் கொடுத்தீர்கள். அதில் எங்கே ஹேர்ட்ஸ்? ரேடியோவுக்கு மோட்டர் கிடையாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக்கூடாது.

மாங்குளம் சந்தி:
டயோட் போட்டது நான். எந்த ரேடியோவில் கழற்றினேன் என்றும் சொல்லட்டா? கறண்ட் இருந்த வவுனியாவில் ஃபேனுக்குக் கீழே இருந்து ரிவொக்ஸ் கேட்டவர்கள் எங்களுக்கு டைனமோ படிப்பிக்க வேண்டாம்.

சங்கீத ரீச்சர்:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். பொடியனின் கூத்து என்னாச்சு?

பரந்தன் வயரிங்:
கம்பியூட்டரில் ஏற்றி வேகத்தைக் கூட்டிவிடலாமே? கலியாண வீடியோக்காரர் எல்லாம் செய்கிறார்கள்.

கனகராயன்:
செய்யலாம், பொங்கலுக்கு அதுவே போதும். இப்போதைய வேகத்தில் அப்படியே பதிந்து, ஒலி திருத்துகிற ஓடாசிற்றி மென்பொருளில் "ஸ்பீட்" மாற்றுகிற இடத்தில் 1.2 கொடுங்கோ. "டெம்போ"வைத் தொட வேண்டாம், அது வேகத்தை மட்டும் கூட்டும், குரல் தடித்தபடியே இருக்கும். இரண்டாம் பக்கத்தை வலது சனலில் இருந்து எடுத்து "ரிவேர்ஸ்" கொடுத்தால் ரீலைத் திருப்பவும் தேவையில்லை. நாடாவுக்கு ஒரு ஓட்டம் மிச்சம்.

ஆனால் ஒரு சங்கதி. ஊஹர் பற்றரியில் ஓடியிருக்கும். சாமத்துக்குப் பிறகு பற்றரி களைத்திருந்தால் மெஷின் மெதுவாகப் பதிந்திருக்கும், அந்தப் பகுதி இப்போது கொஞ்சம் வேகமாகக் கேட்கும். கடைசி ரீல்களில் சுருதி 5 கட்டையைத் தாண்டினால் 1.2ஐ அப்படியே போடாமல், ஆர்மோனியத்தை வைத்துச் சரிபாருங்கோ. ஆர்மோனியம் பற்றரியில் ஓடுவதில்லை.

நிரந்தர வழி: பெரியப்பாவிடம் சொல்லி 12 வோல்டில் இருந்து 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் தருகிற இன்வேட்டர் ஒன்று அனுப்பச் சொல்லுங்கோ. அங்கே கார்க் கடைகளில் கிடைக்கும். "ப்யூர் சைன்" என்று எழுதியிருக்க வேண்டும், மலிவான சதுர அலை என்றால் மோட்டர் சூடேறி ஹம் அடிக்கும். தகட்டில் உள்ள அம்பியரைப் பார்த்து அதைப் போல இரண்டு மடங்கு எடுங்கோ, ஸ்டார்ட் பண்ணும்போது கூட இழுக்கும். ட்ராக்டர் பற்றரியில் கொழுவலாம். மெஷின் 300 வாட் எடுத்தால் 100 அம்பியர் மணி பற்றரி இரண்டு மணித்தியாலம் தரும். அது வரும் வரைக்கும் ட்ரான்ஸ்போமரில் நீட்டி ஓட்ட வேண்டாம். 60க்குக் கட்டிய மோட்டர் 50இல் கூடுதலாகச் சூடேறும். கையை வைத்துப் பார்த்தால் தெரியும்.

ரீல் சைஸ் சுவிட்ச் இருக்கும், அதைச் சின்ன ரீலுக்கு மாற்றினீர்களா? எல்பி 35 மெல்லிய நாடா. பெரிய ரீலுக்கான இழுவையில் நீண்டுவிடும், அதைப் பிறகு ஒருவராலும் சுருக்க முடியாது. வேகமாகச் சுற்றவும் வேண்டாம், பாட்டுப் போட்டபடியே கடைசி வரை ஓட விடுங்கோ. ஹெட்டை பாமசியில் கிடைக்கிற ஐசோப்ரோப்பைல் அல்கஹோலில் பஞ்சு தோய்த்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கோ.

சுருள்நாடா:
கம்பியூட்டரில் திருத்துவது தற்காலிகம். சரியான வேகத்தில் ஓடாவிட்டால், உச்சத்தையும் ஆழத்தையும் சமப்படுத்துகிற ஈக்குவலைசேஷனும் இடம்மாறும், உச்சச் சத்தங்கள் பிசகும். நாளைக்கு இதைக் காப்பகத்தில் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். இன்வேட்டர் வரும் வரை தொடாமல் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சங்கீத ரீச்சர்:
மத்தளமும் குரலும்தானே, ஊஹரின் ஒற்றை மைக்கில் பிடித்தது. அதில் எந்த உச்சச் சத்தம்? அந்தக் கூத்தில் ஆடிய கிழவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் இந்தப் பொங்கலுக்கே கேட்கட்டும். காப்பகத்துக்கு அடுத்த வருஷம் திரும்பப் பதியலாம்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
அப்ப அவன் வேண்டாம் தானே?

கனகராயன்:
வேண்டவே வேண்டாம்.

மாங்குளம் சந்தி:
கோவலன் வேஷம் யார் என்று பெரியப்பாவிடம் கேளுங்கோ. எங்கள் அம்மாவின் சிறிய தகப்பன் ஒருவர் அந்தப் பக்கம் ஆடினவர். கண்ணகி ஆடினவராகவும் இருக்கலாம்.

சுருள்நாடா:
கேள்வி கேட்டு இழையைத் தொடங்கியவரைக் காணவில்லை. வழக்கம்போல.

ஊற்றங்கரையான்:
இருக்கிறேன், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறோம். சுவிட்ச் பெரிய ரீலில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். 1.2 போட்டாயிற்று, கண்ணகி கண்ணகியாகவே அழுகிறா. இன்வேட்டர் பெரியப்பா வாங்கிவிட்டார், யாரோ வரும்போது கொண்டுவருவார்கள். எல்லோருக்கும் நன்றி.

மாங்குளம் சந்தி:
கோவலன் யார் தம்பி?