துண்டு வெட்டிய பிறகும் வீட்டுக்குப் போக முடியாதவர்கள்

உவர்மலை அக்கா:

திருகோணமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரில் வேலை செய்கிறேன். காப்புறுதிக் கம்பனிகளோடு பேசுவதும் என் பொறுப்புத்தான். இந்தக் குழுவில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறீர்கள், நோயாளிக்காக அலைந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இந்த ஊரில் இருக்கிறது. எங்களிடம் வருகிற பெரிய டொக்டர்மார் அநேகமாக எல்லோரும் அரசாங்க ஆஸ்பத்திரியில் கடமை செய்கிறவர்கள். அங்கே வேலை முடிந்து நான்கு மணிக்குப் பிறகுதான் தனியார் பக்கம் வர முடியும். காப்புறுதிக் கம்பனியின் தலைமையகம் கொழும்பில். அங்கே கோப்பைப் பார்க்கிறவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். டொக்டரிடம் ஒரு விளக்கம் கேட்டுக் காலையில் கம்பனி எழுதினால், அதற்கு இவர் பதில் எழுதும் நேரத்தில் வாசிக்க அங்கே ஆள் இருக்காது. கம்பனியின் பதில் வராமல் பில்லை முடிக்க முடியாது, ஆகவே நோயாளி இன்னும் ஒரு இரவு தங்க வேண்டும். அந்த இரவுக்கு அறைக் காசு ஏறும். மருத்துவத் தேவை இல்லாமல் தங்கிய நாள் என்று சொல்லி அந்தக் காசை கம்பனி தராது.

மூதூரிலிருந்து ஒரு அம்மா பித்தப்பைக் கல் ஒப்பரேஷனுக்கு வந்திருந்தார். மகன் பெயரில் எடுத்த காப்புறுதியில் அவரும் சேர்ந்திருந்தார். முதல் நாள் மாலையே டொக்டர் பார்த்து, காலையில் போகலாம் என்று எழுதிவிட்டார். காலை எட்டு மணிக்குத் துண்டு வெட்டியாயிற்று, அதாவது வீட்டுக்குப் போக அனுமதி எழுதியாயிற்று. அம்மா முகம் கழுவி, சேலை மாற்றி, பிளாஸ்டிக் கூடையில் பிளாஸ்கையும் தலையணை உறையையும் அடுக்கிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நான் கடைசி பில்லையும், நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டையும் ஸ்கேன் பண்ணிக் கம்பனிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. பத்தரைக்கு எடுத்தால் "பார்வையில் இருக்கிறது" என்றார்கள். பன்னிரண்டரைக்கு எடுத்தால் சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது: டயக்னோசிஸ் கார்டில் சீனி வருத்தமும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதே, அது எப்போதிலிருந்து? டொக்டரிடம் எழுதி வாங்கி அனுப்பவும்.

பித்தப்பையில் கல் வந்ததற்கு வந்த கேள்வி இது. டொக்டர் அப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் தியேட்டரில் நிற்கிறார். அந்த அம்மா என்னிடம் வந்து, "மகள், எங்கட கடைசி பஸ் போயிருமே, நான் நடந்து போய் அவரக் கேட்டு வரட்டா?" என்றார். வயிற்றில் தையல் போட்ட ஆள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டொக்டர் வந்து எழுதிக் கொடுத்தும் அன்று பதில் வரவில்லை. மறுநாள் வந்தது: சீனி வருத்தத்தை விண்ணப்பத்தில் சொல்லவில்லை, ஆகவே பணம் தர முடியாது. மகன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பில்லைக் கட்டினார்.

போகும்போது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பிடித்து வைத்ததும் நான், இல்லை என்று சொன்னதும் நான். முடிவு எடுத்தவரின் முகத்தை அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பேச்சு வாங்குவது பெரிதில்லை. தையலோடு ஒரு மனுஷியை ஒரு நாள் முழுக்கக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்ததுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது.

வாட்டுத் தாதி:

அக்கா, நான் அரசாங்கப் பக்கம். எங்களிடம் பில் இல்லை, வைத்தியம் இலவசம். அதனால் காப்புறுதித் தொல்லை இல்லை என்று நினைக்கிறார்கள். இருக்கிறது. வாட்டில் தங்கிய நாளுக்கு இவ்வளவு என்று தருகிற காப்புறுதியைப் பலர் எடுத்திருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கினாலும் அதற்குக் காசு உண்டு. அதற்கு ஒரு படிவம், அதில் டொக்டரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும்.

துண்டு வெட்டும் நேரத்தில் படிவத்தைக் கொண்டுவந்தால் சரி, ஒரு மாதிரி நிரப்பிக் கொடுக்கலாம். பலர் மாதங்கள் கழித்து வருவார்கள். அதற்குள் நோயாளியின் டிக்கட் (வாட்டில் அவரைப் பற்றி எழுதும் கோப்பு) பதிவேட்டு அறைக்குப் போயிருக்கும். அவரைப் பார்த்த பயிற்சி டொக்டர் ஆறு மாதம் முடிந்து வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். புதியவர், தான் பார்க்காத நோயாளிக்கு எப்படிக் கையொப்பம் வைப்பது என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அந்த நியாயம் எதற்கு உதவும்?

இன்னொன்றும் இருக்கிறது. கட்டில் நிறைந்து தரையில் பாய் போட்டு ஆட்கள் படுத்திருக்கிற நாளில், "மிஸ், ஒரு நாள் கூட்டி எழுதுங்களேன்" என்று கேட்பார்கள். முதல் ஒன்றிரண்டு இரவுக்குப் பணம் இல்லை என்று சில காப்புறுதிகளில் நிபந்தனை இருக்கிறது, அதனால்தான். கூட்டி எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு வாட்டில் கிடந்தவர் அதைக் கேட்கும்போது அவர் மேல் கோபம் வருவதில்லை.

கிண்ணியா மகன்:

வாப்பாவுக்கு விடியப்புறம் நெஞ்சுவலி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் கிண்ணியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து திருகோணமலைக்கு அனுப்பினார்கள். 2009இல் பாலம் திறக்கும் முன்பு என்றால் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற பாதைக்குக் (மிதவைப் படகுக்கு) காத்து நின்றிருக்க வேண்டும், அதை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. பிறகு கண்டிக்கு மாற்றினார்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் யானை வருகிற ரோட்டு, இரவில் டிரைவர் மெதுவாகத்தான் போனார். அல்லாஹ் காப்பாற்றினான், வாப்பா பிழைத்தார்.

காப்புறுதிதான் இழுத்தடித்தது. மாரடைப்பு என்று டொக்டர் எழுதினால் மட்டும் போதாது. ஈசிஜியில் இன்ன மாற்றம், இரத்தத்தில் இன்ன அளவு என்று காப்புறுதிப் பத்திரத்தில் வரையறை போட்டிருக்கிறார்கள். முதல் நாள் ஈசிஜியைக் கேட்டார்கள். பைலைத் திறந்து பார்த்தால், ஈசிஜித் தாளில் கோடே இல்லை! வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறம். அது சூட்டில் அச்சாகிற தாள், மை கிடையாது, வெயிலும் வெக்கையும் பட்டால் அழிந்துவிடும் என்று பிறகுதான் போட்டோ கொப்பிக் கடைக்காரர் சொன்னார். நம்ம ஊர் வெக்கைக்கு எத்தனை நாள் தாங்கும்? வாட்டு டிக்கட்டில் ஒட்டியிருந்த இன்னொரு ஈசிஜியைப் பதிவேட்டு அறையில் வேலை செய்கிற ஒரு காக்கா (அண்ணன்) தேடி எடுத்துத் தந்தார். அவருக்கு என்றைக்கும் துஆ செய்வேன்.

ஈசிஜி கைக்குக் கிடைத்த அன்றே கொப்பி எடுங்கள், போனிலும் ஒரு படம் பிடித்து வையுங்கள்.

முன்னாள் முகவர்:

அக்கா சொன்ன சீனி வருத்தக் கதையைப் பற்றி. விண்ணப்பப் படிவத்தில் உடல்நிலை பற்றிக் கேள்விகள் வரிசையாக இருக்கும். முகவருக்கு மாத இலக்கு இருக்கும், வீட்டு முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடிழுத்துவிடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். எழுதியது யாராக இருந்தாலும் கையொப்பம் வைத்தவரின் வாக்குமூலமாகத்தான் கம்பனி அதை எடுக்கும். பிரஷர், சீனி, கிளினிக் கொப்பி, பழைய ஒப்பரேஷன் எதையும் விடாமல் நீங்களே சொல்லி எழுதுவியுங்கள். மாதக் கட்டணம் கூடலாம், அல்லது அந்த வருத்தத்தை மட்டும் விலக்கிப் பத்திரம் தரலாம். பரவாயில்லை, நிலைமை முதலே தெரிந்திருக்கும். நிரப்பிய விண்ணப்பத்தில் ஒரு கொப்பியும் கேட்டு வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளை, அந்த மூதூர் மகனை இன்னும் தொடர்பு கொள்ள முடியுமா? கம்பனி இல்லை என்றால் கதை முடிந்தது என்று நம்மவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி ஒருவர் இருக்கிறார், கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆனால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட்டு, அவர்களுடைய பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். போனில் சொன்னதை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

என் மனைவியின் கண் ஒப்பரேஷனுக்கும் முதலில் மறுத்தார்கள். நிராகரித்த கடிதம், பத்திரத்தில் அவர்கள் காட்டிய நிபந்தனை இலக்கம், டொக்டரின் கடிதம் மூன்றையும் சேர்த்து மேன்முறையீடு எழுதினேன். பாதிக்கு மேல் கிடைத்தது.

உவர்மலை அக்கா:

சேர், அவருடைய இலக்கம் எங்கள் பதிவில் இருக்கிறது. நாளைக்கே எடுத்துச் சொல்கிறேன். பித்தப்பைக் கல்லுக்கும் சீனி வருத்தத்துக்கும் இந்த நோயாளியில் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று அந்த டொக்டரிடம் ஒரு கடிதம் கேட்கிறேன். கடிதத்தை எழுத உங்கள் உதவி வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பின்னேரம் எந்த நாளும் வீட்டில்தான் இருப்பேன். பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது.