கீழ் டிவிஷன் விங்கர் பிழைப்பு: பையனை அனுப்பலாமா?

ஓசூர் ரசிகன்:
எங்கள் கால்பந்து டீமில் லெஃப்ட் விங் (இடது ஓரமாக ஓடித் தாக்கும் இடம்) ஆடும் பையனை பெங்களூரு லீக்கில் கீழ் டிவிஷன் அணி ஒன்று கூப்பிடுகிறது. வீட்டில் சிப்காட் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். போய் ஆடட்டும் என்பது என் கட்சி. இங்கிலாந்தில் விங்கராக, அதாவது ஓரத்தில் ஓடித் தாக்குபவராக, ஆடிய மைக்கேல் அன்டோனியோவைப் பாருங்கள். டூட்டிங் அண்ட் மிட்சம் என்ற சின்ன அணியில் ஆடியவரை 2008இல் ரெடிங் க்ளப் எடுத்தது. அங்கே இடம் கிடைக்காமல் செல்டன்ஹாம், சவுத்தாம்ப்டன், கோல்செஸ்டர் என்று மூன்றாம் டிவிஷனில் லோனில் (தற்காலிகமாக வேறு அணிக்கு ஆட) அலைந்தார். 2015இல் வெஸ்ட் ஹாம் போனார். 2021இல், அங்கே உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்கில் அந்த அணிக்காக இதுவரை யாரும் அடிக்காத அளவு கோல் அடித்தவர் ஆனார். ஊர் ஊராக அலைந்ததால்தான் அவர் தேறினார்.

காரிமங்கலம் 7:
அண்ணா, இங்கிலாந்தில் நான்கு டிவிஷன், 92 க்ளப். அதற்குக் கீழேயும் ஏறிவரப் படி இருக்கிறது. இங்கே உச்ச லீக்கான ஐஎஸ்எல் தொடங்கியது 2014இல். அதற்குக் கீழே வந்துவிட்ட ஐ-லீக்கை ஜெயித்து மேலே ஏறிய முதல் அணி பஞ்சாப், அதுவும் 2023இல்தான். 2018-19இல் ஐ-லீக் கோப்பையைத் தூக்கிய சென்னை சிட்டி இன்று அந்த லீக்கிலேயே இல்லை. அணியே நிலைக்காத இடத்தில் ஒரு விங்கர் எதை நம்பி ஆடுவான்?

விங்கரின் முதல் வேகம்தான் சோறு போடும். முட்டி போனால் அதுவும் போச்சு. கன்னியாகுமரிக்காரரான விங்கர் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் ஐஎஸ்எல் சீசனின் முதல் மேட்சிலேயே முட்டியில் அடிபட்டு, அந்த சீசன் முழுக்க உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பெரிய க்ளப் இருந்தது. நம்ம பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

பாலக்கோடு பழைய விங்கர்:
இரண்டு பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். விங்கர் ஏன் அணி மாறுகிறான்? பெரும்பாலும் கோச் மாறுவதால். புதியவர் 3-5-2 (மூன்று டிஃபென்டர், ஐந்து நடுக்களம், இரண்டு ஸ்ட்ரைக்கர்) கொண்டுவந்தால் சுத்தமான விங்கருக்கு அதில் இடமே கிடையாது. அப்போது விங்-பேக்காக, அதாவது அதே ஓரத்தில் தாக்குவதோடு கீழே இறங்கி டிஃபென்ஸும் பார்க்கத் தெரிந்தவன் தங்குவான், தெரியாதவன் பையைத் தூக்குவான். அன்டோனியோவையே வெஸ்ட் ஹாமில் ரைட் பேக்காக (வலது ஓர டிஃபென்டராக) இறக்கினார்கள், கடைசியில் ஸ்ட்ரைக்கராகவும் ஆடினார். நானும் இதே கீழ் டிவிஷனில் அணி அணியாக மாறியவன்தான். ஒரு அணி பேசிய பணத்தைத் தரவே இல்லை. ஆனாலும் எதிரணி டிஃபென்டர் எந்தக் காலில் திரும்பத் தடுமாறுவான் என்பதை முதல் பத்து நிமிடத்தில் படிக்கக் கற்றது அங்கேதான். வேகம் குறைந்த பிறகும் அந்தப் படிப்புதான் என்னை ஆட வைத்தது. அதை வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

காரிமங்கலம் 7:
வீண் என்று சொல்லவில்லை அண்ணா. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி மாதிரி போட்டியில் மாநில அணிக்கு ஆடிய சான்றிதழ் வேண்டும். பெங்களூருக் கீழ் டிவிஷனில் எத்தனை வருஷம் ஓடினாலும் அது கையில் வராது. சென்னை லீக் என்றால் தமிழ்நாட்டுத் தேர்வாளர்கள் கண்ணிலாவது படுவான்.

ஓசூர் ரசிகன்:
சென்னையில் தங்க யார் பணம் கொடுப்பது? பெங்களூரு நமக்கு 40 கிலோமீட்டர். காலையில் பயிற்சிக்குப் போய் மதியம் வீடு திரும்பலாம், படிப்பையும் விட வேண்டாம். சந்தோஷ் டிராபி வாய்ப்பு எல்லாம் 18 வயதில் யாருக்கும் உறுதி இல்லை தம்பி.

பாலக்கோடு பழைய விங்கர்:
அப்படியானால் கையெழுத்துப் போடும் முன் இரண்டைக் கேளுங்கள். அடிபட்டால் ஸ்கேன் செலவு யாருடையது? சீசன் நடுவில் விடச் சொன்னால் வேறு அணிக்குப் போக என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) உடனே தருவார்களா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதி வாங்குங்கள்.

காரிமங்கலம் 7:
எழுதித் தராவிட்டால் அனுப்பாதீர்கள் அண்ணா. இந்த ஒன்றில் நான் இறங்கி வரமாட்டேன்.