டோனிட்ஸ் கையெழுத்து போட்ட போட்டோ, 1943ல போட்டதுன்னு சொல்றாங்க, நம்பலாமா?

கடல்பித்து:
வணக்கம் மக்களே. கடற்படை ஆளுங்க கையெழுத்து போட்ட போட்டோ சேர்க்க ஆரம்பிச்சிருக்கேன். ஜெர்மனி டீலர் ஒருத்தர்கிட்ட ஹிட்லரோட கடற்படைத் தளபதி கார்ல் டோனிட்ஸ் போட்டோ ஒண்ணு இருக்கு, கிராண்ட் அட்மிரல் யூனிஃபார்ம், கீழ் ஓரத்துல நீல ஸ்கெட்ச் பென்ல கையெழுத்து. 1943லயே போட்டதுன்னு சொல்லி அதுக்கேத்த விலை கேக்குறார், சர்டிஃபிகேட்டும் தருவாராம். படத்துல தொப்பிச் சின்னத்து மேல ஒரு கட்டம் ஒட்டி மறைச்சிருக்கு, ஒரிஜினலே அப்படித்தானா? வாங்கலாமா?

பழையதாள்:
ஸ்கெட்ச் பென்னா? அப்ப 1943 கதை அங்கயே முடிஞ்சுது ப்ரோ, அந்தப் பேனா புழக்கத்துக்கு வந்ததே 60கள்லதான். அதுக்காக கையெழுத்தே டூப்ளிகேட்னு சொல்லிட முடியாது. மனுஷன் நியூரம்பர்க் போர்க்குற்ற வழக்குல 10 வருஷம் வாங்கி, ஸ்பான்டாவ் ஜெயில்ல இருந்து 1956 அக்டோபர்ல வெளிய வந்து, ஹாம்பர்க் பக்கம் ஆமூலங்கிற ஊர்ல 1980 டிசம்பர்ல சாகுற வரைக்கும் இருந்தாரு, லெட்டர் போட்டவங்களுக்கெல்லாம் போட்டோல கையெழுத்து போட்டு அனுப்பிட்டே இருந்தாரு. யூனிஃபார்ம் படம் பழசு, கையெழுத்து பிந்தி போட்டது, இந்த ரகம் நிறையவே கிடைக்கும். போர்க்காலத்துல மைப்பேனாவுல போட்டதோட விலைக்கு இதெல்லாம் ஏணி வச்சாலும் எட்டாது.

டீலரை படத்தோட பின்பக்கம் யூவி டார்ச் அடிச்சு காட்டச் சொல்லுங்க, நம்மூர்ல நோட்டு செக் பண்றாங்களே அதே டார்ச்தான். பளிச்னு நீலமா மின்னினா பேப்பர்ல வெளுப்பு கெமிக்கல் இருக்குன்னு அர்த்தம், அது போருக்கு அப்புறம் வந்த பேப்பர், அதாவது படமே பிற்காலத்துல பிரிண்ட் போட்டது. லென்ஸ்ல பார்த்து கையெழுத்து புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது வெறும் அச்சு. சர்டிஃபிகேட் எல்லாம் நீங்களும் நானும்கூட அடிச்சுக்கலாம், ஆமூல போஸ்ட்மார்க் விழுந்த கவர் இருக்கான்னு கேளுங்க.

மெட்ராஸ்காரன்:
அந்தக் கட்டம் லிஸ்டிங் படத்துல மட்டும்தான் பாஸ், போட்டோவுல இருக்காது. ஜெர்மனில கிரிமினல் சட்டம் 86ஏ பிரிவுப்படி, அந்தச் சின்னத்துல இருக்குற நாஜி ஸ்வஸ்திகாவ பொதுவுல காட்டுனா கேஸ், வரலாறு ஆராய்ச்சிக்குன்னு விலக்கு இருந்தாலும் விக்கிறவங்க எதுக்கு வம்புன்னு மறைச்சிடுவாங்க. ஜெர்மன் ராணுவத் தளபதி ரோமெல் கையெழுத்து பக்கம் மட்டும் போயிடாதீங்க, ஆளு செத்தது 1944 அக்டோபர்ல, பால்பாயிண்ட் பேனாவுல போட்ட ரோமெல் கையெழுத்தை ஒருத்தன் கூச்சமே இல்லாம விக்கிறான்.

உப்புக்காத்து:
சேர்க்குறது உங்க இஷ்டம் தம்பி, ஆனா வெறும் கடற்படை வீரர்னு பேசுறது எனக்கு ஒத்துக்காது. 1942 செப்டம்பர்ல லக்கோனியாங்கிற பிரிட்டிஷ் கப்பல மூழ்கடிச்ச ஜெர்மன் நீர்மூழ்கியே தண்ணியில தத்தளிச்சவங்கள ஏத்திட்டு இருந்துச்சு, அமெரிக்க விமானம் வந்து குண்டு போட்டுச்சு, உடனே இனிமே எவனையும் காப்பாத்தாதீங்கன்னு உத்தரவு போட்டது இந்த டோனிட்ஸ்தான். ஹிட்லர் தனக்கு அப்புறம் இவர்தான்னு உயில் எழுதி வச்ச ஆளு. ஃபைல்ல வைங்க, ஹால்ல மாட்டாதீங்க.

கடல்பித்து:
ஃபைல்தாண்ணே, மாட்டுனா வீட்ல என்னைத்தான் வெளிய மாட்டுவாங்க. டீலர்கிட்ட கேட்டேன், கவர் இல்லையாம், யூவி படம் நாளைக்கு அனுப்புறேன்னார், ஸ்கெட்ச் பென் விஷயத்த சொன்னதும் விலைல பாதி குறைச்சுட்டார். அதுவும் ஜாஸ்தியா?

பழையதாள்:
யூவி வரட்டும், அதுக்கு முன்னாடி பணம் போட்டுடாதீங்க.