பொருள்: மீன்பிடிக் கோட்டாவுக்குத் தமிழ்ச்சொல்: மீன்பங்கா, மீன்பாடா?

அன்பர்களுக்கு வணக்கம்.
மீன்வளப் பொருளியல் பாடநூலில் நியூசிலாந்து இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 1986இல் அந்நாடு முக்கிய வணிக மீன் இனங்களுக்கு ஆண்டு உச்சவரம்பு கட்டி, அதை மீன்பிடிப்போருக்குப் பிரித்துக் கொடுத்தது. பெற்றவர் அதை விற்கலாம், வாங்கலாம். 'கைமாற்றத்தக்க தனியாள் மீன்பிடி ஒதுக்கீடு' என்று எழுதிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது, படிக்க முடியவில்லை. சுருக்கமான சொல் தாருங்கள்.

—

> ஒதுக்கீடு

வேண்டவே வேண்டாம். கேட்டவுடன் கல்லூரி இடமும் அரசு வேலையும்தான் நினைவுக்கு வரும். 'மீன்பங்கு' போதும். பகுதி, பங்கு, பால், பகல் எல்லாம் 'பகு' என்னும் வேரின் பிள்ளைகள். பட்டினப்பாலையின் 'நெடுநுகத்துப் பகல்' நுகத்தின் நடுவாணி. வணிகரின் நடுவுநிலைக்கு அதுதான் உவமை. பங்கு என்றாலே அந்த நேர்மையும் கூட வருகிறது. 'கோட்டா' என்றே எழுதுவதானால் மொழிபெயர்ப்பு எதற்கு?

—

ஐயா, நுகத்தை விட்டுக் கடலுக்கு வருவோம். நான் மீன்வள வகுப்பெடுப்பவள். என் மாணவரில் பலர் கடற்கரைப் பிள்ளைகள். பங்கு என்றால் அவர்களுக்குப் படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு. பிடித்து விற்ற பிறகு பிரிப்பது அது. இங்கே பிரிப்பதோ பிடிப்பதற்கு முன்பு.

மேலும், ஒரு சொல் போதாது. முதலில் டன் கணக்கில்தான் கொடுத்தார்கள். ஆரஞ்சு ரஃபி மீன் நினைத்த அளவு இல்லை என்று தெரிந்து பிடிப்பைக் குறைக்க வேண்டிவந்தபோது, கொடுத்த டன்னை அரசே பணம் கொடுத்துத் திரும்ப வாங்க நேர்ந்திருக்கும். அதனால் 1990இல் உச்சவரம்பில் இத்தனை விழுக்காடு என்று மாற்றினார்கள். 2001 முதல் அந்த விழுக்காட்டுக்கு ஈடாக ஆண்டுதோறும் கிலோக் கணக்கில் ஓர் உரிமை கிடைக்கிறது. அது தனியே விலைபோகிறது. விழுக்காடு பெரும்பாலும் பெரிய நிறுவனங்களிடம். சிறு படகுக்காரர் ஆண்டுரிமையை விலைக்கு வாங்கிக் கடலுக்குப் போகிறார். கரையில் அவருக்குக் கிடைக்கும் விலையில் ஒரு பகுதி வலை நனையும் முன்பே போய்விடுகிறது. இரண்டையும் 'பங்கு' என்றால் யாருடைய பணம் யாரிடம் போகிறது என்பதே மறைந்துவிடும்.

—

'மீன்பாடு' இருக்கிறதே! 'இன்று மீன்பாடு இல்லை' என்று கரையில் சொல்லாத நாளுண்டா? படு என்பதிலிருந்து பாடு: வலையில் படுவது. பழவேற்காட்டில் முறைவைத்து வலையிடும் இடத்துக்கும் பாடு என்றே பெயர். இலங்கையில் கரைவலைப் பாடு உண்டு. உரிமை, இடம், பிடிப்பு, மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

—

வகுப்பெடுப்பவள் மீண்டும். அதனால்தான் 'பாடு' கூடாது என்கிறேன். பழவேற்காட்டுப் பாடு ஊரார் கூடிச் சீட்டுக் குலுக்கி முறைவைப்பது. நல்ல இடம் இன்று உங்களுக்கு, நாளை எனக்கு. ஊரில் ஒருவராக இருப்பதால் வரும் உரிமை அது. நியூசிலாந்தில் கொடுத்ததோ பழைய பிடிப்புக் கணக்கைப் பார்த்து, தனியாருக்கு, சந்தையில் விற்கத்தக்க சொத்தாக. பகுதிநேரமாக மீன்பிடித்தவர்களை முன்னதாகவே கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்களில் அந்நாட்டுத் தொல்குடியினரான மாவோரி மக்கள் பலர். மாவோரி மக்கள் வழக்காடிய பிறகுதான் அவர்களின் மீன்பிடி உரிமை குறித்த 1992 உடன்பாடு வந்தது. நம் மக்கள் காத்துவரும் முறையின் பெயரை அதற்கு நேர்மாறானதற்குச் சூட்டினால், நாளை ஒரு சட்ட வரைவில் 'பாடு' என்று போட்டு விற்பனைக்கு வைப்பார்கள். இதை எழுத்தாகப் பதிவு செய்யுங்கள்.

—

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மைக்கு இணங்கி விழுக்காட்டுக்கு 'மீன்பங்கு', கிலோ உரிமைக்கு 'ஆண்டுப் பிடியுரிமை' என்று எழுதுகிறேன். சொல் முதலில் வரும் இடத்தில் கோட்டாவையும் சேர்த்துக் கொடுப்பேன். பாடு குறித்த மறுப்பு அடிக்குறிப்பில் வரும்.

—

வகுப்பில் நான் கோட்டா என்றேதான் சொல்வேன், அம்மா. இன்னொன்று: பிடியுரிமைக்கு மேல் கரைசேர்த்த மீனுக்கு அரசுக்குக் கட்டும் தொகைக்கு என்ன சொல்? 'தண்டம்' என்று எழுதிவிடாதீர்கள். அது குற்றத்துக்கான தண்டனை இல்லை. குறைவாக வைத்தால் வேண்டுமென்றே கூடுதலாகப் பிடிப்பார்கள். மிகுதியாக வைத்தால் மீனைக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் விலை அது.