அலுமினா கரையவில்லை, ஆக்சலேட் படிகமும் சரியாக வரவில்லை

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாணவி):
வணக்கம். கல்லூரி லேபில் பொட்டாசியம் ட்ரிஸ்ஆக்சலேட்டோஅலுமினேட் (ஒரு அலுமினியத்தை மூன்று ஆக்சலேட் பிடித்திருக்கும் பொட்டாசியம் உப்பு) படிகம் வளர்க்க வேண்டும். மண்பாண்டச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய அலுமினாத் தூளை (அலுமினியம் ஆக்சைடு) ஆக்சாலிக் அமிலக் கரைசலில் இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்தேன், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுப்பாக நின்றதே தவிர கரையவில்லை. அப்புறம் இன்னும் அமிலமும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் போட்டு வடிகட்டினேன். மறுநாள் பீக்கர் அடியில் பொடிப்பொடியாக வெள்ளைப் படிகம். அதைக் கரைத்து நீல லிட்மஸை நனைத்தால் சட்டென்று சிவக்கிறது. எங்கே தப்பு?

பதில் 1 (லேப் அண்ணன்):
தங்கச்சி, தூள்தான் தப்பு. அந்தக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சுட்ட அலுமினா, 1200 டிகிரிக்கு மேல் சுட்டால் குருந்தக் கல்லின் அமைப்புக்கு மாறிவிடும், எந்த அமிலத்துக்கும் லேசில் மசியாது. படிகாரத்திலிருந்து தொடங்குங்கள். 47.4 கிராம் படிகாரத்தைக் கரைத்து, அம்மோனியாக் கரைசலை அதன் வாடை லேசாகத் தங்கும் வரை விட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜவ்வரிசிக் கஞ்சி போலத் திரளும். சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டாம், கொஞ்சம் கூடினாலும் திரண்டது திரும்பக் கரைந்துவிடும். சல்பேட் போகும் வரை வெந்நீரில் கழுவுங்கள், காயவிடாதீர்கள், காய்ந்தால் இதுவும் முரண்டு பிடிக்கும்.

பதில் 2 (படிகப் பிரியன்):
அமிலத்தையும் கவனியுங்கள். உங்களுக்கு வந்தது அநேகமாகப் பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட், அமிலம் மிஞ்சினால் அதுதான் முதலில் இறங்கும். அண்ணன் சொன்ன அளவுக்குப் பொட்டாசியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் 27.6 கிராம், ஆக்சாலிக் அமிலம் டைஹைட்ரேட் 18.9 கிராம். ஆனால் கழுவும்போது ஹைட்ராக்சைடு கொஞ்சம் போயிருக்கும் என்பதால் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். இரண்டையும் சூடாகக் கரைத்து, ஹைட்ராக்சைடைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள், இனிக் கரையாது என்று கொஞ்சம் வெள்ளைக் கலங்கல் மிஞ்ச வேண்டும். அதுதான் அமிலம் தீர்ந்ததற்கு அடையாளம், சூட்டோடு வடிகட்டுங்கள். ஆக்சாலிக் அமிலம் விஷம், கையுறை கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா! பாதி அளவில் செய்தேன். கலங்கல் மிஞ்சியது, வடிகட்டிய நீர் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் இந்த ஜனவரி ஈரக்காற்றில் நாலு நாளாகியும் வற்றவில்லை.

பதில் 2 (படிகப் பிரியன்):
வற்றக் காத்திருக்க வேண்டாம். எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசாகக் கலங்கியதும் நிறுத்தி, மறுபடி சூடாக்கித் தெளிய வைத்து, துணியில் சுற்றி மெல்ல ஆற விடுங்கள். எத்தனால் தீப்பிடிக்கும், அடுப்பில் வேண்டாம், வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்குங்கள்.