நாள் முழுக்க கிரவுண்ட்ல மியூசிக்கல் ஷோ: அப்பாயியையும் சின்னவனையும் கூட்டிட்டுப் போகலாமா?

பொகவந்தலாவ பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கெழம ஹட்டன்ல ஒரு கிரவுண்ட்ல மியூசிக்கல் ஷோ வச்சிருக்காங்க, காலைல 9 மணிக்குத் தொடங்கி ராத்திரி 9 வரைக்கும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு, டிக்கெட் 500 ரூவா, சின்னப் புள்ளைங்களுக்கு ஃப்ரீ. டித்வா புயல்ல லயம் (தேயிலத் தோட்டத்து வரிசை வீடு) போன குடும்பத்துப் புள்ளைங்க படிப்புச் செலவுக்குன்னு சொல்றாங்க.

நான் மட்டும்னா சாயங்காலமாப் போயி ரெண்டு பாட்டு கேட்டுட்டு வந்துருவேன். பிரச்சின என்னன்னா எங்க அப்பாயி. 2025 நவம்பர் கடைசில மல சரிஞ்சப்ப எங்க லயத்துக்கு மேலயும் வெடிப்பு விட்டுருச்சு, இருக்கக் கூடாதுன்னுட்டாங்க, பதினாறு நாள் ஸ்கூல் ஹோல்லதான் கெடந்தோம். அப்ப யாரு எவருன்னே தெரியாத ஆளுங்க லொறில அரிசி பருப்பு பெட்சீட்டுன்னு கொண்டாந்து எறக்குனாங்க. அப்பாயி அத இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கும். இந்த நோட்டீஸ வாசிச்சுக் காட்டுனதுலருந்து சுருக்குப் பைல ஆயிரம் ரூவா தாள நாலா மடிச்சு வச்சுக்கிட்டு நான் வந்து என் கையாலதான் போடுவேன், காலைலயே போகணும், முழுசா இருந்துட்டுத்தான் வரணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. அந்தக் கால்லதான் பிரச்சினயே, நாப்பது வருசம் மல ஏறி கொழுந்து எடுத்த முட்டி, அர மணித்தியாலம் கீழ ஒக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். வயசு 74.

சின்னவனுக்கு நாலு வயசு, பெரியவளுக்கு பதினாலு, அவளப் பத்திக் கவல இல்ல, போன் சார்ஜ் இருந்தாப் போதும். வீட்டுக்காரி சொல்றா பகலோட வந்துரலாம்னு. முழு நாள் இருந்து பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க, என்ன எடுத்துட்டுப் போகணும், எங்க ஒக்காரணும், சின்னவன் காதுக்கு ஒன்னும் ஆகாதா?

மஸ்கெலியா மச்சான்:

தம்பி பாட்ட விடு, மொதல்ல ரோட்ட யோசி. இது சிவனொளிபாத மலைக்குப் போற சீசன், வெசாக் போயா (பௌர்ணமி) வரைக்கும் இப்பிடித்தான், அதுலயும் சனி ஞாயிறு ஹட்டன் டவுன்ல கால் வைக்க எடம் இருக்காது. ஒங்களுக்கும் சிவனொளிபாத மலைக்குப் போறவங்களுக்கும் நோர்வூட் வரைக்கும் ஒரே ரோடுதானே, கொழும்பு வேனெல்லாம் டிக்கோயாவுலயே வால் புடிச்சு நிக்கும். காலைல ஆறு ஆறரைக்கே வெளிக்கிட்டுரு. ராத்திரி திரும்புறதுதான் கஷ்டம், மலைக்குப் போற பஸ் நடுச்சாமத்துலயும் ஓடும், ஆனா பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் எத்தனைக்குன்னு ஸ்டாண்டுல டைம்கீப்பர்கிட்டயே கேட்டு வச்சுக்க, நோட்டீஸ் ஒட்டுனவங்ககிட்ட கேக்காத. லயத்துல இன்னும் ரெண்டு குடும்பம் வருமான்னு கேட்டு ஒரு வேன் பேசுறதுதான் நல்லது, அப்பாயிக்கு முட்டி வலிச்சா வேனுக்குள்ளயே சாய்ஞ்சுக்கலாம். நாங்க ஒரு தடவ இப்பிடி வேன் இல்லாமப் போயி திரும்பி வர்றப்ப மாமியார மடில வச்சுக்காத கொறையா வந்தேன், அத இன்னும் வீட்டுல சொல்லிக் காட்டுவாங்க.

ஊவாக்காரி (பண்டாரவளை):

அண்ணே, கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, ஆனா கொஞ்சம் ஆயத்தமாப் போங்க. எங்க பக்கம் ஜூன் ஜூலைல காஞ்சு கெடக்கும், கச்சான் காத்து கதிரையத் தூக்கும், ஒங்க பக்கம் அப்ப மழ விடாம ஊத்தும், மார்ச்சு மாசம் ரெண்டு பக்கத்தையும் ஏமாத்தும். காலைல பளிச்சுன்னு வெயில், ரெண்டு மணிக்கு மேல இருட்டிக்கிட்டு வந்து இடி மழ, அது விட்டா பனி எறங்கிரும். அதனால வெயிலுக்குத் தொப்பி, மழைக்குப் படங்கு (தார்ப்பாய்), பொழுது சாய ஜம்பர், மூனும் வேணும். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல, குளிராத்தானே இருக்குன்னு விட்டுருவோம், சாயங்காலம் பாத்தா புள்ள மூக்கும் கன்னமும் செவந்து கெடக்கும். சின்னவனுக்கு ரெண்டு சோடி காலுறை கூட வைங்க. சிரிக்காதீங்க. என் மக போன வருசம் ஒரு ஷோவுல புல்லுத் தரைல ஓடி பத்து மணிக்கே காலுறைய நனைச்சுட்டா, பொறகு நாள் முழுக்க என் மடிய விட்டு எறங்கல, நான் பாட்டக் கேட்டனா அவ காலத் தேச்சுக்கிட்டு இருந்தனான்னு எனக்கே தெரியல. கிரவுண்ட் ஓரத்துல புல்லு ஒசரமா இருந்தா அட்ட இருக்கும், சவர்க்காரத் துண்டு ஒன்னு பைல போட்டுக்கங்க.

அப்பாயிக்குக் கீழ பாய் சரி வராது, வீட்டுல இருக்குற பிளாஸ்டிக் கதிரையத் தூக்கிட்டுப் போங்க, வெக்கப்படாதீங்க, பத்து நிமிசத்துல நாலு பேர் வந்து எங்கண்ணே வாங்குனீங்கன்னு கேப்பாங்க. இன்னொன்னு ஆம்பளைங்க யோசிக்கிறதே இல்ல, டொய்லெட். போன ஒடனேயே அது எங்க இருக்கு, எத்தன படி எறங்கணும்னு பாருங்க, இல்லாட்டி வயசானவங்க அங்க போகணுமேன்னு பயந்து தண்ணியே குடிக்காம இருந்துருவாங்க, எங்க அம்மா அப்பிடி இருந்து தலசுத்தி விழுந்தாங்க. சாப்பாட்ட வீட்டுலருந்தே கட்டிருங்க, ரொட்டியும் கட்டசம்பலும் நாள் முழுக்கத் தாங்கும், தேங்காச் சம்பல் பகலுக்கு மேல புளிச்சிரும்.

கணக்குப்புள்ள:

எல்லாரும் தொப்பி காலுறன்னு பேசுறீங்க, காசு எங்க போகுதுன்னு ஒருத்தரும் கேக்கல. கோவிச்சுக்காதீங்க, எனக்கு அனுபவம் இருக்கு. சில வருசத்துக்கு முன்ன இதே மாதிரி ஒரு ஷோவுக்கு, பேரு வேணாம், நான் ரெண்டு டிக்கெட் புக்க வாங்கி தோட்டம் தோட்டமா வித்துக் குடுத்தேன். பெரட்டுக் களத்துல (காலைல வேலைக்குப் பேர் போடுற எடம்) நின்னு வித்தேன், ஒரு நாள் பேர (சம்பளத்த) விட்டுட்டு. காச எண்ணிக் குடுத்தேன், அடிக்கட்டையையும் குடுத்தேன், பொறகு எவ்வளவு சேந்துச்சு, யாருக்குப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு துண்டுக் கடுதாசி இல்ல. என்கிட்ட டிக்கெட் வாங்குனவங்க இன்னும் கடைல வச்சுக் கேக்குறாங்க. அப்பாயிகிட்ட சொல்லுங்க, அந்த ஆயிரத்துக்கு ரசீது கேட்டு வாங்கச் சொல்லி. இல்லாட்டி அந்தக் காசுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கித் தெரிஞ்ச புள்ள கைல குடுங்க, அதுக்குப் பாட்டு தேவையில்ல.

சவுண்ட் பொக்ஸ்:

நான் தலவாக்கலை, கொழும்புல சவுண்ட் செட் வேலை, இந்த மாதிரி ஷோவுக்கு நெறைய வந்திருக்கேன். கணக்குப்புள்ள அண்ணன் சொல்றது நியாயம், ஆனா ஒன்னு சேத்துக்கங்க, திருடாமலே காசு காணாமப் போகும். மேடை, சவுண்ட், ஜெனரேட்டர், டீசல், பேண்டுக்காரங்க சாப்பாடு, வேன், இதுக்கே டிக்கெட் காசுல பெரும் பகுதி போயிரும். பேண்டு சும்மா வந்தாலும் சவுண்ட்காரன் சும்மா வர மாட்டான், நானும்தான். அதனால எவ்வளவு சேந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க, செலவு போக மிச்சம் எவ்வளவுன்னு கேளுங்க. வடை, பிளேன்டி விக்கிற ஸ்டோல் அம்மாமார் நடத்துறதா இருந்தா அங்க வாங்குங்க, அதுல செலவு கம்மி, கைக்குப் போறது கூட.

தம்பி, காதப் பத்திக் கேட்டீங்க. 85 டெசிபல் சத்தத்துல 8 மணித்தியாலம் வரைக்கும் இருக்கலாம்னு ஒரு கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்ல கால் மணித்தியாலம்தான். அதுவும் பெரிய ஆளுக்கு. மேடைக்கு முன்னால 100 சர்வசாதாரணமாத் தாண்டும். தூரம் ரெட்டிப்பானா கிட்டத்தட்ட 6 டெசிபல் கொறையும், அதனால கிரவுண்டோட பின்பக்கம், ஸ்பீக்கருக்கு நேரா இல்லாம ஒதுங்கி ஒக்காருங்க. காதுல பஞ்சு வைக்கிறது பேருக்குத்தான், தலைல மாட்டுற இயர்மஃப் கெடச்சா நல்லது. கையப் புள்ள நெஞ்சுல வச்சுப் பாருங்க, பேஸ் அடிக்கிறது கைக்குத் தெரிஞ்சா இன்னும் பத்து அடி பின்னுக்குப் போங்க.

இன்னொரு முக்கியமான விசயம், குளவி. கிரவுண்ட சுத்தி டர்பன்டைன், சவுக்கு மரம் இருந்தா நெழலுக்குப் போறதுக்கு முன்ன அண்ணாந்து பாருங்க. கூடு இருந்தா அந்தப் பக்கமே வேணாம், ஏற்பாட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிருங்க, பட்டாசு, பொகை எல்லாம் போட விடாதீங்க. தோட்டத்துல குளவி கொட்டி செத்தவங்க எத்தன பேர்னு ஒங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ஏதாச்சும் ஆனா 1990க்கு அடிங்க, ஆம்புலன்ஸ் காசில்லாம வரும். இடி இடிச்சா மரத்தடிலயும் நிக்காதீங்க, மேடைக் கம்பிப் பக்கமும் நிக்காதீங்க, வேனுக்குள்ள ஏறிருங்க.

பொகவந்தலாவ பொடியன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேன் பேசியாச்சு, மூனு குடும்பம். அப்பாயிகிட்ட ரசீது விசயத்தச் சொன்னேன், கேக்காம விடுவேனான்னுது. வந்து எழுதுறேன்.

பொகவந்தலாவ பொடியன் (திங்கக்கெழம):

போயிட்டு வந்தாச்சு. முழு நாளும் இருந்தோம், எட்டு மணி வரைக்கும். ஒன்பது மணி ஷோ தொடங்குறப்ப பத்தே முக்கால், அது வரைக்கும் ஒருத்தர் ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, சின்னவன் இன்னைக்குக் காலைல பல்லு வெளக்குறப்பயும் அதத்தான் சொல்றான். ஊவாக்காரி அக்கா, காலுற மூனு சோடி போச்சு, ரெண்டு பத்தல. கதிரைக்கு நெசமாவே ஆள் வந்துச்சு, நடுவுல அப்பாயி எந்திரிச்சப்ப வேற ஒரு பாட்டி வந்து ஒக்காந்துருச்சு, பொறகு பாத்தா ரெண்டும் பழைய தோட்டத்து டிவிசன் கதையப் பேசி ஒரே சிரிப்பு, அப்பாயி கீழ பாய்ல, முட்டியப் பத்தி ஒரு பேச்சில்ல. ராத்திரி வந்துதான் முணுமுணுத்துச்சு.

மழ பேருக்குத் தூறிட்டு விட்டுருச்சு, ஆனா மூன்றரைக்குப் பனி எறங்குச்சு பாருங்க, ரெண்டு நிமிசத்துல மேடையே காணோம். பாடிக்கிட்டு இருந்த ஆளும் இல்ல, பேண்டும் இல்ல, வெறும் குரல் மட்டும் வருது, சனமெல்லாம் ஓன்னு கத்துது, சின்னவன் பயந்து போயி அந்த மாமா எங்கப்பான்னு கேட்டான். அந்தப் பனிக்குள்ளதான் தப்பு (பறை) அடிக்க வந்தாங்க, ஆறு பேர், பதினாறு பதினேழு வயசுப் பொடியன்க, மொதல்ல சத்தம்தான் வந்துச்சு பொறகுதான் ஆளு. தப்பு மைக் வைக்காமலே கேட்டுச்சு. அது வரைக்கும் போனையே பாத்துக்கிட்டு இருந்த பெரியவ எந்திரிச்சு முன்னால போயிட்டா, இயர்மஃப் மாட்டுன சின்னவனையும் இழுத்துக்கிட்டு, நான் பின்னாலயே ஓடி ஸ்பீக்கர்கிட்ட போகாதன்னு கத்துனது ஒருத்தருக்கும் கேக்கல.

கணக்குப்புள்ள அண்ணே, அப்பாயி மேசைல போயி ஆயிரத்த எடுத்து நீவி நீவி வச்சுட்டு ரசீது கேட்டுச்சு. இருந்த பொடியன் ரசீதுப் புத்தகம் இல்ல பாட்டி, பொட்டில போட்டுருங்கன்னான். அப்பாயி காச மறுபடி கைல எடுத்துக்கிச்சு. அவன் தேடிப் பாத்துட்டு கடைசில ஒரு கொப்பித் தாளக் கிழிச்சு எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்தான், அதுக்குப் பொறகுதான் காசு பொட்டிக்குள்ள விழுந்துச்சு. சேந்த தொகைய சாயங்காலம் மைக்குல சொன்னாங்க, செலவச் சொல்லல. நான் போயிக் கேட்டேன், அடுத்த போயாவுக்கு முன்ன முழுக் கணக்கும் ஃபேஸ்புக்குல போடுவோம்னாங்க. போட்டா இங்க வந்து சொல்றேன், போடாட்டியும் சொல்றேன்.

திரும்புறப்ப நோர்வூட் வரைக்கும் ஊர்ந்துதான் வந்தோம், வீடு சேர பதினொன்னரை.

இன்னொன்னு, அவசரத்துல நீலக் கலர் படங்கு ஒன்ன கிரவுண்ட்லயே விட்டுட்டு வந்துட்டோம், ஒரு மூலைல கொழுந்துக் கற பிடிச்சிருக்கும், அப்பாயியோடது. யாராச்சும் எடுத்து வச்சிருந்தா சொல்லுங்க, வந்து வாங்கிக்கிறேன்.